முதுகுத் தெருவின் முன்வாசல்

சங்குத்துறையில் அந்தத் தெருவுக்குப் பலகையில் எழுதியிருந்த பேர் வேறு. ஊர் சொல்லும் பேர் முதுகுத் தெரு. பதினொரு பழைய வீடுகளும் தார்றோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. றோட்டுப் பக்கம் குசினிச் சுவரும் கரி படிந்த புகைபோக்கியும்தான். தூண் வைத்த விறாந்தை, பூ வேலை செய்த இரட்டைக் கதவு எல்லாம் வேலி அடைத்த பின்வளவைப் பார்த்தபடி இருந்தன.

ஊரில் பிறந்தவர்களுக்கு இது ஒரு புதினமே இல்லை. மர்ளியாவுக்குத்தான் புதினம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, ஏழு வயதில், உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னாரிலிருந்து வந்து இறங்கியவள் அவள். வளர்ந்தது அகதி முகாமில், கிடுகுக் கொட்டில் வரிசையில். அங்கே எந்தக் கொட்டில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கயிறு பிடித்து அளந்த ஒரு மனிசன் தீர்மானித்துவிட்டுப் போனான். அதனால்தானோ என்னவோ, ஒரு வீட்டைக் கண்டால் இதை யார் இந்தப் பக்கம் திருப்பி வைத்தது, எதற்காக வைத்தது என்று அவளுக்கு மனம் குடையும்.

இரண்டாயிரத்துப் பதினேழில் டெங்குக் காய்ச்சல் ஊரையே படுக்கப் போட்டது. மர்ளியாவுக்குச் சுகாதாரப் பகுதியில் களவேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய் சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு எல்லாம் கவிழ்த்துப் பார்த்து, நுளம்பு முட்டையிட்டுக் குடம்பி நெளியும் இடத்தை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகக் குறிக்க வேண்டும். சனம் அவளை "டெங்கு மிஸ்" என்று கூப்பிடத் தொடங்கியது. முதுகுத் தெருவும் அவளுடைய பங்குக்கு வந்தது.

போன இடத்திலெல்லாம் வேலையோடு வேலையாகக் கேட்டாள். மூன்றாம் வீட்டு ஹஃபீலா தாத்தா உடனே பதில் சொன்னார். மூத்த பெண்களை அங்கே தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பொம்புளையள் றோட்டுக்குத் தெரியப்படாதுன்டு முந்தின ஆக்கள் அப்புடிக் கட்டினது, மகள்."

"அப்ப சிலுவ போட்ட கடைசி மூனு வேதக்கார வீடுகளும் அப்புடித்தானே ஈக்கிது?"

ஹஃபீலா கடைசி வீடுகளை எட்டிப் பார்த்துவிட்டு, "அத அவங்கள்ட்டயே கேளுங்க மகள்," என்றார்.

பத்தாம் வீட்டு யூஜீனியா, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக்குப் பயந்து திருப்பியதாகச் சொன்னாள். அடுத்த தெரு வீடுகள் கச்சானுக்கு நேரே வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றனவே என்று மர்ளியா கேட்டதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு வீட்டில் ஜின் கதை சொன்னார்கள்.

ஒரு கிழமை கழித்து வரைபடத்தை மேசையில் விரித்தபோதுதான் மர்ளியா அதைக் கண்டாள். மற்றத் தெருக்களில் சிவப்புப் புள்ளிகள் விதைத்தாற்போல் சிதறிக் கிடந்தன. முதுகுத் தெருவில் மட்டும் வீட்டுக்கு ஒன்றாக ஒரே நேர்கோட்டில் நின்றன. எல்லாம் பின்வளவில் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளங்கள். அடிமட்டக் கோலை வைத்துப் பார்த்தாள். கோடு விலகவில்லை.

அடுத்த நாள் விடியவே யூஜீனியாவின் வளவில் போய் நின்றாள். பள்ளத்தின் ஓரத்தில் இடுப்பளவு உயரக் கல்லொன்று நட்டிருந்தது. தலையில் ஒரு துவாரம், அதில் ஆட்டுக்கயிறு. இதே மாதிரிக் கல்லை ஹஃபீலா தாத்தாவின் வளவிலும் கண்ட ஞாபகம். அங்கே உடுப்புக் காயும் கொடி கட்டியிருந்தது. குனிந்து துவாரத்துக்குள் விரலை விட்டாள். கல் வழவழவென்று ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

யூஜீனியாவின் புருஷன் சாள்ஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எழும்பி வந்தார். முப்பது வருஷம் கடலில் போனவர். அந்தக் கல்லை அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தார்.

"ஆடு இழுத்து இவ்வளவு தேயாது, மிஸ். இது வள்ளம் கட்டின கல்லு."

"வீட்டு வளவுக்குள்ள வள்ளமா?" என்றாள் யூஜீனியா.

"அக்கா, உங்கட காணி உறுதி கையில ஈக்கா?" என்று மர்ளியா கேட்டாள்.

அலுமாரியின் அடித்தட்டில், கலியாணச் சேலைக்குக் கீழே இருந்தது. மடிப்பில் கிழிந்த பத்திரக் கடுதாசி. பேர்களையும் கையெழுத்துகளையும் தாண்டி எல்லைகள் எழுதிய இடத்துக்கு வந்ததும் மர்ளியாவின் குரல் தானாகவே உயர்ந்தது.

"கிழக்கு எல்லை தோணி வாய்க்கால். மேற்கு எல்லை மாட்டுப்பாதை."

மூன்று பேரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். கிழக்கே இருந்தது பள்ளம். மேற்கே இருந்தது தார்றோட்டு. வீடுகள் யாருக்கும் முதுகு காட்டவில்லை. கடலேரியான களப்பிலிருந்து தோணி வந்து நின்ற வாய்க்காலை அவை முகம் கொடுத்துப் பார்த்திருந்தன. வாய்க்கால் தூர்ந்து, வேலிகள் அதைக் கடந்துபோய், மாடு போன பாதை றோட்டாகிவிட்டது.

மர்ளியா பதினொரு வீடும் ஏறி இறங்கினாள். ஏழு உறுதிகள் கிடைத்தன, ஏழிலும் தோணி வாய்க்கால். ஆனால் இவ்வளவு காலமும் நிற்காத தண்ணீர் இரண்டு வருஷமாகத்தான் நிற்கிறது என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். ஏன்? கோட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தாள். வடக்குக் கோடியில், களப்பைத் தொடும் இடத்தில், ஊர் வியாபாரி ஜவ்பர் ஹாஜியார் களஞ்சியம் கட்டுவதற்காகக் கிரவல் மண் போட்டு நிரப்பி, மதிலும் எழுப்பியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தி.

சுகாதாரப் பரிசோதகர் கில்பட் சேரோடு போய் விஷயத்தைச் சொன்னாள். ஹாஜியார் முழுக்கக் கேட்டார். பிறகு சேரைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் பொறந்த ஊர் சேர் இது. வாய்க்காலும் இல்ல, தோணியும் இல்ல. நேத்து வந்த அகதிப் புள்ள எங்களுக்கு எங்கட ஊரைச் சொல்லித் தாறாவா?"

இருபத்தேழு வருஷம் அவருக்கு நேற்றாக இருந்தது. மர்ளியா வரைபடத்தை ஹாஜியாருக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வழியில் கில்பட் சேர், "மனசில வச்சுக்கொள்ளாதீங்க," என்றார். அவள் வைத்துக்கொண்டாள்தான்.

மூன்றாம் நாள் ஹாஜியார் சுகாதாரப் பகுதிக் கந்தோருக்கு வந்தார். கையில் அவருடைய காணி உறுதி இருந்த பழைய கோவை. நேரே மர்ளியாவின் மேசைக்கு வந்து அதைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தார். "வடக்கு எல்லை தோணி வாய்க்கால் களப்பில் விழும் முகம்."

"வாப்பா மௌத்தாகி அடக்கின நாளையில இருந்து இது என்ட பெட்டிக்குள்ளதான் கிடந்திருக்கு. நான் ஒரு நாளும் வாசிச்சதில்ல," என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. ஆனால் மதிலை எந்த இடத்தில் உடைத்தால் தண்ணீர் போகும் என்று அவளிடமே கேட்டார். கிரவலுக்குக் கீழே தண்ணீர்க் குழாய் பதிக்கிற அன்று வெயிலில் குடையோடு நின்று, அவள் காட்டிய இடத்திலேயே வெட்டச் சொன்னார். தெருக்காரர் பதினொரு வளவிலும் பள்ளத்தைத் துப்புரவாக்கி ஒன்றோடொன்று தொடுத்துவிட்டார்கள்.

மார்கழி மழைக்குத் தண்ணீர் சலசலத்து ஓடிக் களப்பில் விழுந்தது. ஹஃபீலா தாத்தா விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாய் அழிந்தன. தை மாதம் அந்தத் தெருவில் ஒருவரும் காய்ச்சலில் விழவில்லை.

அந்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம், மர்ளியா ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னாரில் அவர்களுடைய வளவு இப்போது பற்றைக்காடு. உறுதி அங்கேயே போய்விட்டது. உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்களிடம் கடுதாசி ஏது?

"உம்மா, எங்கட வீட்டுக்கு நாலு பக்கமும் என்னென்ன ஈந்திச்சி?"

இத்தனை வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. உம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். வடக்கே நெய்னார் மாமாட பனங்காணி. கிழக்கே பள்ளிக்குப் போற ஒழுங்கை. மேற்கே குளத்துக்கட்டு. தெற்கே அல்பொன்சா டீச்சர்ட கிணத்தடி.

மர்ளியா எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள்.

"கிணத்தடி இல்ல மகள்," என்றார் உம்மா. "கிணத்தில பாதி எங்கட. அதையும் போடு."

மர்ளியா வெட்டித் திருத்தினாள்.