பழுகாமத்துக்குக் கொண்டுபோன மிச்சப் பகிடி

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.25

காலை ஆறு மணிக்குக் கொழும்பு கோட்டையில் புறப்பட்ட ரயில் எங்களை மட்டக்களப்பில் இறக்கிவிட்டது. ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஒரு வயதும் இரண்டு மாதமுமான என் மகள் ஆறு மணி நேரம் விழித்திருந்தாள். பையில் கொதித்தாறிய தண்ணீர் மூன்று போத்தல், காய்ச்சல் மருந்து, வெப்பமானி. மாகோ தாண்டியதும் அவள் நெற்றி சுடுவதுபோல் இருந்தது. பொலநறுவையில் சுடவில்லை. வாழைச்சேனையில் மறுபடியும் சுட்டது. என் கைதான் சூடாக இருந்திருக்க வேண்டும்.

"ஒரு மன்னிப்புக் கேக்க இவ்வளவு தூரம் போகோணுமா? அதுவும் பிள்ளையோட?" என்று கணவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் இரண்டு தடவை எழுதி அனுப்பிய மன்னிப்பை மறுபக்கத்தில் வாசித்ததற்கு அடையாளம் இருந்தது, பதில் இல்லை. அதனால் வந்தேன்.

சந்திக்க வந்தது விமலாக்காவை. நாற்பத்தாறு வயது. தன்னாமுனையில் தையல் வேலை செய்கிறார். அவ்வப்போது மேடையில் தனியாக நின்று, ஒலிவாங்கியைப் பிடித்தபடி, சிரிக்கக்கூடாத விடயங்களைச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைப்பார். ஏழு மாதத்துக்கு முன் ஒரு கலியாணத்துக்காக இங்கே வந்திருந்தபோது, ஒரு சிறிய மண்டபத்தில் அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்தேன். பிள்ளை அழுதால் வெளியே போக வசதியாகக் கடைசி வரிசையில் இருந்தேன். அங்கிருந்தே கைபேசியில் பதிவும் செய்தேன்.

"என்ட மனிசன ஒரு கிலோ சீனி வாங்கக் கடைக்கு அனுப்பினன். பதினெட்டு வருசமாப் போச்சு. அண்டைக்கு சீனி எழுபது ரூபா. கணக்கா எழுபது ரூபாதான் குடுத்து விட்டன். இப்ப இருநூற்றி அம்பது. பாவம், மனிசன் எந்தக் கடை வாசல்ல காசு காணாம நிக்காரோ தெரியா."

முன்வரிசையில் இருந்தவர்களில் பலர் கணவனையோ மகனையோ யுத்த காலத்தில் அப்படித் தொலைத்தவர்கள். அவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். அதன் பிறகுதான் நானும் சிரித்தேன்.

அந்த இடத்தில் என் மகள் வீரிட்டு அழுதாள். பதிவின் மிச்சம் முழுவதும் அவளுடைய அழுகை. எட்டு நிமிடத்தில் ஐம்பத்திரண்டு விநாடியை மட்டும் வெட்டி எடுத்து முகநூலில் போட்டேன். பாராட்டுக்காகத்தான் போட்டேன். மூன்று நாளில் அது நான் அறியாத ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது. புருசன் காணாமல் போனதைச் சொல்லிச் சிரிப்பவள் என்று எழுதினார்கள். இன்னும் மோசமாகவும் எழுதினார்கள். நான் என் பதிவை நீக்கினேன், பிரதிகள் நின்றன. முழுப் பதிவும் என்னிடம் இல்லை. கைபேசியில் இடமில்லாமல் போனபோது, மகள் முதல் அடி வைத்ததைப் பிடிப்பதற்காக அதை அழித்திருந்தேன்.

சனிக்கிழமை, காலை 8.40

நகரிலிருந்து தன்னாமுனைக்கு ஏழு கிலோமீட்டர் அளவு. ஓட்டோவுக்கு எழுநூறு ரூபா. விமலாக்காவின் பெயரைச் சொன்னதும் சாரதி திரும்பிப் பார்த்தார்.

"சீனிக்காரி வீடா?"

ஓம் என்றேன். அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தவள் நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.

விமலாக்கா தையல் மெசினை விட்டு எழும்பாமல் பிள்ளையைப் பார்த்தார்.

"இவதானா அண்டைக்கு அழுதவ?"

"ஓம் அக்கா."

"அவக்கு என்ட நிகழ்ச்சி புடிக்கல்ல. அத அவ நேரா மூஞ்சிக்கே சொல்லிற்றா. நீதான் புடிச்சிரிக்கு எண்டு சொல்லி என்னச் சாகடிச்சிற்றாய்."

மன்னிப்பை நான் ரயிலிலேயே பாடமாக்கி வைத்திருந்தேன். இரண்டாவது வசனத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"போட்டதுக்கு எனக்குக் கோவமில்ல புள்ள. வெட்டினதுக்குத்தான் கோவம். ஆளுட தலைய மட்டும் கொண்டு போய்க் காட்டி, இதுதான் ஆள் எண்டு சொன்னா ஆர் நம்பமாட்டான்?"

தேத்தண்ணி வந்தது. பிள்ளைக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் ஒரு கரண்டி ஊட்டிவிட்டார். எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். கேட்க உரிமையில்லை என்று கேட்ட பிறகு தோன்றியது. ஆனால் அவர் சொன்னார்.

கணவரைத் தேடிப் போன இடங்களிலெல்லாம் அவரிடம் கதையைக் கேட்டார்கள். பொலிஸில், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில், காணாமல்போனோர் ஆணைக்குழுவில், பயிற்சிப்பட்டறைகளில். "முதல் மூண்டு தரமும் அழுதன். நாலாந்தரம் ஐயா ஒராள் மணிக்கூட்டப் பாத்தார். எந்த இடத்தில பாத்தார் எண்டு குறிச்சு வைச்சன். மறுகா அந்த இடத்தச் சுருக்கினன். ஆறாந்தரம் ஆரும் மணிக்கூடு பாக்கல்ல. ஒம்பதாந்தரம் ஒரு மிஸ் சிரிச்சிற்று வாயப் பொத்தினா. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, இது எனக்கு வருது எண்டு."

பிறகு மாதர் சங்கக் கூட்டங்களில் சொன்னார். பிறகு மண்டபங்களில். வெள்ளம், கடன், சவூதிக்குப் போன தங்கை, தன் கருப்பை எடுத்த சத்திரசிகிச்சை, எல்லாவற்றுக்கும் பகிடி இருந்தது. அந்த ஐம்பத்திரண்டு விநாடிக்குப் பிறகு இரண்டு நிகழ்ச்சிகளை ஏற்பாட்டாளர்களே நிறுத்திவிட்டார்கள்.

"அது போகட்டும். மாமி போயிற்றா. அதுதான்."

மாமி என்றது கணவரின் தாயை. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போவார். ஆணின் தாய் அங்கே வந்து குடியிருப்பது வழக்கமில்லை. இந்த மாமி பழுகாமத்திலிருந்து இரண்டு நாள் தங்கிப்போக வந்தவர். அந்த இரண்டாம் நாளில்தான் மகன் காணாமல் போனார். வந்தால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பதினெட்டு வருடம் தங்கிவிட்டார். மருமகள் மேடையேறுவது தெரியும், என்ன சொல்கிறாள் என்று கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் யாரோ கைபேசியில் அந்தத் துண்டைக் காட்ட, மறுநாள் உடுப்புப் பையோடு பழுகாமத்துக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். விமலாக்கா இரண்டு தடவை போயும் மாமி அறையைவிட்டு வெளியே வரவில்லை.

"நான் போய் மிச்சத்தைச் சொல்லட்டுமா?" என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை.

"உனக்குப் பகிடி சொல்ல வருமா?"

"வராது அக்கா."

"அப்ப போ. வராட்டித்தான் நம்புவா."

மிச்சத்தை ஒரு தடவை சொல்லிக் காட்டினார், சமையல் குறிப்புச் சொல்வதுபோல. "எறும்பு எண்ட இடத்தில கொஞ்சம் நில்லு. ஓடாத." ஓட்டோவில் திரும்பும்போது நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். நான்கு தடவையும் ஓடினேன்.

காலை 11.50

கல்முனை பஸ்ஸில் குருக்கள்மடம். அங்கிருந்து வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகவேண்டும். அகலமான தட்டைப் படகு ஒன்று ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகிறது. களுவாஞ்சிக்குடி வரை போய்ப் பட்டிருப்புப் பாலத்தால் வந்திருந்தால் தண்ணீருக்கு மேல் பிள்ளையோடு நிற்க வேண்டியிருக்காது. அதை ஏறிய பிறகுதான் ஒருவர் சொன்னார்.

"ஆழமா?" என்று பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"சேச்சே. இடுப்பளவுதான் தங்கச்சி. நடுவுலதான் ஆள் முங்கும்."

நாங்கள் நடுவில் இருந்தோம். பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் அவள் சிணுங்கினாள். எங்கே போகிறேன் என்று அந்தப் பெண் கேட்டார். பழுகாமம் என்றேன். யாரிடம் என்று கேட்டார். சொன்னேன்.

"ஓ, அந்தப் பகிடிக்காரிட மாமியா? பாவம் மனிசி. பெத்த வயிறு எரியக்குள்ள அவள் சனத்தச் சிரிப்பாட்டுறாள். நானெண்டா வெளக்குமாறு எடுத்திருப்பன்."

"முழுதாப் பாத்தீங்களா?"

"போன்ல வந்தத்தான் பாத்தன். அதுக்கு மேல என்னத்தப் பாக்கக் கிடக்கு?"

பார்க்க ஏழு நிமிடம் இருந்தது. சொன்னால் யார் வெட்டியது என்றும் சொல்லவேண்டியிருக்கும். பதினைந்து நிமிடப் பயணத்தில் கரை வரும்வரை நான் கண்டல் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிற்பகல் 1.15

அம்பிளாந்துறையிலிருந்து ஓட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபா. வழிநெடுக வயல். வட்டை முழுவதும் அறுவடை முடிந்து, நெல்லின் அடிக்கட்டையான ஒட்டுத்தாள் நின்றது. மாமியின் மகள் குடும்பம் வெளியே போயிருக்க, அவர் தனியாகச் சுளகில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சிறிய உருவம், சத்தமான குரல்.

"ஆருகா நீ?"

நான்தான் அந்தப் படத்தைப் போட்டவள் அம்மா, பாதியை வெட்டிவிட்டேன், மிச்சத்தைச் சொல்ல வந்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைக் கைநீட்டி வாங்கினார். பிள்ளை போனாள். யாரிடமும் போகாதவள்.

"சொல்லு."

சொன்னேன். மாதா மாதம் ஒரு கிலோ சீனி கூடுதலாக வாங்கி விமலாக்கா ஒளித்து வைக்கிறார். மனிசன் வெறுங்கையோடு வந்தால் மாமி ஏசுவார், பின்பக்கத்தால் கூப்பிட்டுச் சீனியைக் கையில் கொடுத்து முன்பக்கத்தால் அனுப்பலாம் என்று. சீனி இருப்பது மாமிக்குத் தெரியாது, எறும்புக்குத் தெரியும். பதினெட்டு வருடத்தில் அந்த வீட்டுக்கு நேரத்துக்கு வந்த சீவன் எறும்பு மட்டும்தான்.

எறும்பில் நிற்காமல் ஓடிவிட்டேன். மாமி சிரிக்கவில்லை.

"சீனி இரிக்கிறது எனக்குத் தெரியா எண்டா சொன்னவள்?"

"ஓம்."

"அந்தப் பானையச் சுத்தி மஞ்சள்தூள் போடுற ஆரெண்டு நினைச்சாளாம்? எறும்பு தானாப் போகுதா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் மாறவே இல்லை. பிள்ளையின் காலிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடி சொன்னார்.

"அவனக் கடைக்கு அனுப்பினது அவளில்ல, மகள். நான். சும்மா தேத்தண்ணியக் குடிப்பம் மாமி, பொழுது சரியில்ல எண்டு அவள் சொன்னவள். எனக்குத்தான் சீனி இல்லாம இறங்காது. போடா எண்டன். போனான். இத்தின வருசமா ஒரு நாளும் நீதானே அனுப்பினாய் எண்டு அவள் என்னக் கேட்டதில்ல. இப்ப மேடையில நிண்டு நான்தான் அனுப்பினன் எண்டாள். ஊரெல்லாம் அவள ஏசுது. என்ட பழிய அவள் சுமக்க, அவள் ஊத்துற தேத்தண்ணிய நான் எப்பிடிக் குடிக்கிற?"

மகனைப் பகிடியாக்கியதற்காக மாமி கோபித்துக்கொண்டு போனார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். விமலாக்காவும்.

"அவள் பகிடி சொல்லட்டும். சனம் சிரிக்கட்டும். ஆனா மாமிதான் அனுப்பினா எண்டு மாத்திச் சொல்லச் சொல்லு. அப்பிடிச் சொன்னா நான் வாறன்."

பிற்பகல் 3.05

அம்பிளாந்துறைக் கரையில் படகுக்காகக் காத்திருந்தபோது விமலாக்காவுக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள்தூளில் அவர் சத்தமாகச் சிரித்தார். மற்றதைச் சொன்னதும் மெசினை நிறுத்தினார்.

"அப்பிடிச் சொன்னா ஆரும் சிரிக்க மாட்டாங்க புள்ள."

"ஏன் அக்கா?"

"பொஞ்சாதி அனுப்பினாள் எண்டாத்தான் அது பகிடி. பெத்த தாய் அனுப்பினா எண்டா சனம் அழும். சனத்த அழவைக்கிறது லேசு. அதத்தானே ஆணைக்குழுவில செய்தன்."

ஞாயிற்றுக்கிழமை, காலை

ரயில் புறப்பட்டபோது பிள்ளைக்கு உண்மையாகவே காய்ச்சல் தொடங்கியிருந்தது. நூறு தசம் நான்கு. அந்த ஒரு கரண்டித் தேத்தண்ணியா, வாவிக் காற்றா, போயிருக்கவே கூடாதா என்று மாகோ வரை யோசித்தேன். வெள்ளவத்தையில் என் சமையலறையில் சீனி முடிந்தால் கீழேயுள்ள கடைக்குக் கணவரை அனுப்புகிறேன். ஏழு நிமிடத்தில் வந்துவிடுவார். அது பெரிய விடயம் என்று முன்பு தெரியாது.

இரண்டு கிழமைக்குப் பிறகு மாமி தன்னாமுனைக்குத் திரும்பிவிட்டார் என்று விமலாக்கா அறிவித்தார். மாமி கேட்டபடி மாற்றிச் சொன்னதால் அல்ல, சீனிக் கதையை முழுதாகவே விட்டுவிட்டதால். தன் பெயரில் சொன்னால் மாமியால் தாங்க முடியாது. மாமியின் பெயரில் சொன்னால் சனத்தால் தாங்க முடியாது. அவர் செய்தவற்றில் மிகச் சிறந்த எட்டு நிமிடம் அது. இனி அதை யாரும் கேட்கப்போவதில்லை. அந்த ஐம்பத்திரண்டு விநாடி மட்டும் இன்னும் சுற்றுகிறது. போன கிழமை கணவரின் சித்தி எங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்.

நடந்ததை நான் எழுதலாமா, மாமி சொல்லச் சொன்னதையும் சேர்த்து, என்று விமலாக்காவிடம் கேட்டேன்.

"கட்டுரைதானே, எழுது," என்றார். "அதில ஆரும் சிரிக்கத் தேவையில்ல."