ஏழாவது வனஸ்பதி உருண்டை

நனைந்த வெட்டிவேரும் பெட்ரோலும் சூடேறிய ரப்பரும் கலந்த ஒரு நெடி என் மூக்கைவிட்டு இன்னும் போகவில்லை. கடையில் வெட்டிவேர் சோப்பை எடுத்து முகர்ந்தால்கூட, உள்ளங்கால் சுட்டதுபோல என்னை அறியாமல் காலை இழுத்துக்கொள்கிறேன். கூட வருகிறவர்கள் என்னவோ என்று பார்ப்பார்கள், நானும் ஏதோ எறும்பு கடித்ததாகச் சொல்லிச் சமாளிப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் தில்லி கிட்வாய் நகரில், அரசாங்கக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்தோம். அப்பா ஒரு அமைச்சகத்தில் வேலை பார்த்தார். கோயமுத்தூர் பக்கத்துக்காரர், இயந்திரம் எது கையில் கிடைத்தாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். எனக்குப் பத்து வயது. எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை ஐந்து மாதம் தாண்டி நின்றபோது, பஸ்ஸும் ஸ்கூட்டரும் கூடவே கூடாது, ஆனால் வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். புதுக் காருக்குப் பதிந்துவைத்தால் பிறக்கப்போகும் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் அது வந்து சேரும் என்கிற காலம். அப்போதுதான், ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காரும் வண்டி என்பதால் எவரும் சீந்தாமல் கிடந்து, அப்பாவின் கண்ணில் பட்டது.

நீள மூக்கும் குட்டை முதுகுமாக அது எங்கள் வாசலில் வந்து நின்ற அன்று காலனியே சிரித்தது. அண்டை வீட்டு வர்மா மாமா அப்பாவை "ஹீரோ சாப்" என்று கூப்பிட ஆரம்பித்தார். தரையோடு தரையாக இருந்த அந்த வண்டிக்குள் அம்மாவை இரண்டு கையும் பிடித்து இறக்குவதும், பிறகு கிணற்றிலிருந்து தூக்குவதுபோல வெளியே எடுப்பதும் பெரிய காரியம். எனக்கு இடம், இருவர் இருக்கைக்கும் பின்னால் பெட்டி வைப்பதற்கென்று விட்டிருந்த மேடை. அங்கே முழங்காலை மடக்கிக் குப்புறப் படுத்துக்கொள்வேன்.

குளிர் தேசத்துக்காகச் செய்த வண்டி அது என்பது ஏப்ரல் பாதியிலேயே தெரிந்துவிட்டது. வெளியே என்ன வெயில் அடித்ததோ அதைவிட ஒரு பங்கு கூடுதலாக உள்ளே அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா தரையில் கால் வைக்க முடியாது. அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பனியனோடு வண்டிக்குள் தலையை விட்டார். முதலில் அகப்பட்டது ஹீட்டர். எஞ்சினில் கொதிக்கும் தண்ணீரை வண்டிக்குள் கொண்டுவந்து சூடு பரப்பும் பெட்டி அது. அதன் குழாயை அடைக்கும் திருகு திறந்த நிலையிலேயே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. தில்லி மே மாதத்தில் இத்தனை நாளும் ஹீட்டர் போட்டுக்கொண்டு ஊர்வலம் போயிருக்கிறோம்! அந்தக் குழாயைப் பெட்டிக்குப் போகவிடாமல், ஒரு ரப்பர் துண்டை வைத்து எஞ்சினுக்கே திருப்பிவிட்டார். பாதிச் சூடு குறைந்தது. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் புரியவில்லை.

அதைக் கண்டுபிடிக்க அப்பா ஒரு வழி செய்தார். ஒன்பது சோடா மூடிகளில் நெல்லிக்காயளவு வனஸ்பதியை உருட்டி வைத்து, ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் எண் போட்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் வண்டிக்குள் ஒன்பது இடங்களில் வைத்தார்.

"ஏனுங்க, பூரிக்கு வெச்சிருந்ததை இப்பிடிக் காருக்குத் தின்னக் குடுத்தா ராத்திரிக்கு என்னத்தைச் சுடறதுங்க?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் ஆவட்டும் புள்ள. நீ கால் நீட்டி உக்காந்து போறதுக்குத்தான இத்தனையும்," என்று அப்பா அவளை வாசலிலேயே விட்டுவிட்டு என்னை மட்டும் ஏற்றிக்கொண்டார். "அம்மிணி, கண்ணை அங்கிட்டு இங்கிட்டுத் திருப்பப்படாது. எது மொதல்ல உருகுதுன்னு பாத்துச் சொல்லோணும். உன்ர கையிலதான் இருக்குது."

ரிங் ரோட்டில் போய்த் திரும்புவதற்குள் உருகிவிட்டது. ஏழாவது. அம்மாவின் இருக்கைக்குப் பின்னால், என் மேடைக்குக் கீழே, ஓரமாக வைத்த மூடி. மற்றதெல்லாம் உருண்டையாக இருக்க, அது மட்டும் எண்ணெயாகி, மூடிக்குள் இப்படியும் அப்படியும் ஆடியது.

நான் சொன்னது, மூன்று.

ஏழுக்குப் பக்கத்தில் கம்பளத்துக்கு அடியில் என்னுடைய துளை இருந்தது. தண்ணீர் வடிவதற்காக வைத்த துளை; ஒரு ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தார்கள். வண்டி வந்த முதல் வாரமே நான் அதை நோண்டி எடுத்திருந்தேன், அது நழுவி ரோட்டில் விழுந்து போயிருந்தது. அந்த ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்தால் ரோடு ஓடும். தார், வெள்ளைக் கோடு, ஈரத் திட்டு, நசுங்கிக் கிடக்கும் வாழைப்பழத் தோல், எல்லாம் என் கண்ணுக்கு அரைமுழத்தில் விர்ரென்று பாயும். பள்ளிக்கூடத்தில் எவளுக்கும் அப்படி ஒன்று கிடையாது. ஏழு என்று சொன்னால் அப்பா கம்பளத்தைத் தூக்குவார், துளையைப் பார்ப்பார், தகரம் வைத்து அடைப்பார். அவ்வளவுதான் என் கணக்கு. பத்து வயதில் ஒரு பொய்க்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது மூடி இருந்தது அப்பாவின் காலடியில், கியர் கம்பிக்குப் பக்கத்தில். அவர் ஒரு வாரம் அங்கேயே உழைத்தார். கம்பிகள் நுழையும் ஓட்டைகளில் கயிறு திணித்தார், கல்நார்த் தகடு வெட்டிக் கம்பளத்துக்கு அடியில் விரித்தார். பக்கத்துப் போகல் பேட்டையில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், பெரியவர், அவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, மோந்து பார்த்து, "சாப், நீச்சே தேக்கோ. சைலன்சர் கா பைப் தேக்கோ," என்று அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கேதான் புகைக்குழாய் அம்மாவின் பக்கமாகப் பின்னால் போகிறது.

"நஹீன் பாய் சாப்," என்றார் அப்பா. என் தலையில் கை வைத்து, "மேரீ பேட்டீ நே குத் தேக்கா ஹை," என்று, என் மகளே பார்த்துச் சொல்லியிருக்கிறாள் என்று, அத்தனை பெருமையாகச் சொன்னார். நான் கிரீஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் பிறந்ததும் "லூ" என்கிற அனல்காற்று வீசத் தொடங்கியது. லூ என்றால் தில்லிக்காரர்கள் வீட்டில் என்ன செய்வார்களோ அதையே அப்பா காரிலும் செய்தார். கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்தி, வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டுவது. அம்மாவின் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றி, அதன் உட்புறம் ஒரு சின்னத் தட்டியைத் தொங்கவிட்டு, செம்புத் தண்ணீரை எடுத்து அவ்வப்போது நான் தெளித்துக்கொண்டே வரவேண்டும். அவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் இறக்கியே இருக்கும். அந்த நாளில் திரும்புவதற்குக் கையை வெளியே நீட்டித்தானே காட்டவேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் வண்டியில் எனக்கு வாந்தி. மாம்பழச் சூடு என்றார்கள். அம்மாவுக்குத் தலைவலி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பித்தம் என்றார்கள். நான்காவது வாரம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அம்மா கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். "தூங்கட்டும், பாவம்," என்று அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கும் தலை சுற்றியது. தண்ணீர் தெளிக்க எட்டியபோது அம்மாவின் கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது, கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அப்பா அவளைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு ஓடியதும், அவர் செருப்பு ஒன்று தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுபோனதும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது.

"லூ லக் கயி," வெப்பம் தாக்கிவிட்டது என்றார்கள். அம்மா மறுநாள் கண் விழித்தாள். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. ஆண் குழந்தை என்று நர்ஸ் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

அப்பா அந்த வண்டியை மறுபடி ஓட்டவில்லை. பழைய இரும்புக்காரன் கயிறு கட்டி இழுத்துப்போனபோது அவர் வெளியே வரவும் இல்லை. "சூடு எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன், வண்டி வாங்கப் போயிட்டேன்," என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தேன், அல்லது படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த ஒரு ஜனவரியில், அங்கீட்டி என்கிற கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய ஒரு குடும்பம் விஷப்புகையில் அப்படியே போய்விட்டதென்று பேப்பரில் படித்தேன். தில்லியில் குளிர்காலம்தோறும் வரும் செய்திதான். ஆனால் அன்று பாதியில் பேப்பரை மடித்துவிட்டேன். தலைவலி, வாந்தி, தூக்கம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புகை எந்தக் குழாயின் ஓட்டை வழியாகக் கசிந்து, எந்தத் துளை வழியாக உள்ளே வந்திருக்கும் என்று எனக்கு எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. லூவாகவே இருந்திருக்கலாம், டாக்டர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். அது எனக்குத் தெரியாது, இனி எவரும் சொல்லவும் முடியாது. ஆனால் தூங்கப்போகும்போது எனக்கு அந்த எண்ணெய் ஆடுவது தெரியும். இன்றைக்கும் தெரிகிறது.

அப்பா கடைசிவரை வேறு வண்டி வாங்கவில்லை. என் காரில் ஏறினால், ஜனவரிக் குளிரானாலும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கச் சொல்வார். குனிந்து, அம்மா உட்கார்ந்திருக்கும் பக்கத்துத் தரையை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். என் பிள்ளைகள் தாத்தாவைக் கேலி செய்வார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன்.

அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. அம்மா ஜனக்புரியில் என்னோடு இருக்கிறாள். போன மே மாதம் டாக்டரிடம் போய்த் திரும்பும்போது, கிட்வாய் நகரைப் பார்க்கவேண்டும் என்றாள். மஞ்சள் சுவர் வைத்த எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை எதுவும் இல்லை. வேப்பமரம் இல்லை, பால் டிப்போ இல்லை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடங்கள். எங்கள் வாசல் எந்த இடம் என்று இருவராலும் சொல்லமுடியவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்த காருக்குள், ஏன் அன்றைக்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். துளை, ஏழு, மூன்று, எல்லாம்.

அழுவாள், அல்லது கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் புள்ளை உனக்கு என்ன தெரியும் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அந்தக் கட்டடங்களைப் பார்த்தபடியே பேசினாள்.

"எங்கிட்டச் சொல்லி இப்ப என்ன ஆவுது கண்ணு? உங்கப்பா சாகற வரைக்கும், நான்தான் கொன்னுபோட்டேன், நான்தான் கொன்னுபோட்டேன்னு சொல்லிட்டே கெடந்தாரு. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல."

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அப்பா என் பக்கத்திலேயே இருந்தார். அத்தனை வருஷமும் எனக்கு வாய் இருந்தது.