நங்கையாவின் இடது முழங்கை

எருமப்பட்டி சாலையில் ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நங்கையா நின்ற அந்தக் காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கொல்லிமலைக்குப் பின்னால் அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. முட்டை ஏற்றிய வண்டி ஒன்று எங்களைக் கடந்து போனது. அதன் வெளிச்சத்தில் ஒரு நொடி அவர் முகம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "என்னாச்சுங்க நங்கையா?" என்றேன். "ஒண்ணுமில்ல புள்ள, புடிப்பு. நீ முன்னால போ" என்றார். நான் போகவில்லை. இடது காலைத் தரையில் ஊன்றப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் பார்த்தார். அப்போது அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைப் போல ஒன்றை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நங்கையா என்பது பெயரல்ல. கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். நாமக்கல்லில் பெரிய விடுதிப் பள்ளி ஒன்றில் அவர் கணக்கு ஆசிரியை. நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீடும் அவர் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். நேரே பார்த்துப் பேசுவார், பாதியில் எதையும் விடமாட்டார். தலைவலி என்று வகுப்பிலிருந்து எழுந்து போகக் கேட்கும் பிள்ளைகளிடம், "அந்தக் கணக்க முடி, தலைவலி தானாப் போயிரும்" என்பாராம். நாற்பது வயதைத் தாண்டி, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று மருத்துவர் சொன்ன மறுநாள் நடக்க ஆரம்பித்தார். நடை அலுத்துப்போய் ஓட ஆரம்பித்தார். ஊரில் காலை ஓட்டக் குழு ஒன்று உண்டு. முட்டை வியாபாரி, பல் டாக்டர், லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், கல்லூரி ஆசிரியர்கள் என்று பல தரப்பினரும் அதில் ஓடுவார்கள். அந்தக் குழுவில் முதலில் சேர்ந்த பெண் அவர். துணைக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மாமனார் வீட்டில் யாருடனும் மனம்விட்டுப் பேசியிராத நான், விடியாத சாலைகளில் அவரோடு ஓடித்தான் பேசக் கற்றுக்கொண்டேன்.

பாலத்தில் நின்ற அன்று அவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனோம். சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். தொடையெலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல். எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இதோட எத்தனை நாளா ஓடுறீங்க?" என்று கேட்டார். நங்கையா முழு மாரத்தான் போட்டிக்காக மாதக்கணக்கில் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார், வலிக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் எலும்பு முழுதாக முறிந்திருக்கும், திருகாணி போட்டுத்தான் சேர்த்திருக்க வேண்டும், இந்த வயதில் பழைய நடை திரும்புவதே கஷ்டம் என்றார் மருத்துவர். ஊன்றுகோல் கொடுத்தார்கள். அவர் கணவர் அங்கேயே, மருத்துவர் முன்னாலேயே, "செரிங்க டாக்டர். ஓட்டமெல்லாம் இதோட போதும்" என்றார். நங்கையா ஊன்றுகோலின் ரப்பரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவர் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. பட்டறையில் இரும்புச் சட்டம் விழுந்து கால் போனவர்களைப் பார்த்திருக்கிறார், அந்தப் பயம் அவருக்கு. என் மாமியாருக்கோ வேறு கவலை. "ரெண்டு பேரும் ஓடி ஓடி என்னத்தக் கண்டீங்க? மூத்தவளே கால ஒடிச்சுக்கிட்டா. உனக்கு ஒண்ணுன்னா எம் பையன் என்ன பண்ணுவான்?" என்பார். நங்கையாவின் காலோடு என் காலையும் கட்டிப்போட்ட மாதிரிதான். அவர் ஓடாவிட்டால் நானும் ஓடக்கூடாது என்பது யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது.

மாதங்கள் கழிந்தன. அடுத்த ஸ்கேனில் எலும்பு கூடிவிட்டது. மெதுவாக ஓடலாம், ஆனால் அதே இடத்தில் வலி வந்தால் அந்த நொடியே நிற்க வேண்டும், கெண்டைக்கால் வலித்தாலும் முட்டி வலித்தாலும் பரவாயில்லை, அந்த இடம் மட்டும் கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொன்னார். சேலத்தில் மார்கழியில் அரை மாரத்தான் நடக்கும். அதில் ஓடிக் காட்டுகிறேன் என்று நங்கையா வீட்டில் கேட்டார். பல நாள் பேச்சுக்குப் பிறகு அண்ணன் இறங்கி வந்தார். "இந்த ஒரு தடவ. இதுல ஏதாவது ஆச்சுன்னா ஷூவ எடுத்துப் பரண்ல போட்டர்லாம். ரெண்டு பேரும்."

பயிற்சி தொடங்கிய முதல் நாள் பள்ளி மைதானத்தில் வைத்து நங்கையா என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். காயப்படுவதற்கு முன்னால் குழுவில் ஒருவர் எடுத்திருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதில் அவர் ஓடி வருகிறார். இடது கால் தரையில் படும்போதெல்லாம் இடது முழங்கை உடம்பைவிட்டு வெளியே விலகுகிறது, கோழி இறக்கையைத் தூக்குவதுபோல. "வலிச்சா நான் எனக்கே பொய் சொல்லிக்குவேன் புள்ள. அது எம் பழக்கம். முழங்கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீ எம் பின்னாலயே வா. அது வெளிய போச்சுன்னா நில்லுன்னு சொல்லு. நான் நிக்கறேன்."

"நின்னுருவீங்களா?"

"நின்னுருவேன்."

"நடுப் போட்டியிலனாலும்?"

"எங்கனாலும்."

அதன்பிறகு நான் சாலையைப் பார்த்து ஓடவே இல்லை. திருச்சி சாலையிலும் எருமப்பட்டி சாலையிலும் எனக்கு முன்னால் ஒரு முழங்கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாய் குரைத்தால், லாரி ஹாரன் அடித்தால், பண்ணையிலிருந்து எரு நாற்றம் காற்றில் வந்தால் எல்லோரும் திரும்புவார்கள். நான் திரும்பமாட்டேன். சில நாள் அது லேசாக அசைவதுபோல இருக்கும். வங்கியில் உட்கார்ந்து பணம் எண்ணும்போதுகூட, காலையில் பார்த்தது நிஜமா, என் பயமா என்று மனம் அதையே சுற்றும். ஒரு தடவை நில்லுங்க என்று சொன்னேன். உடனே நின்றார். சட்டைத் தையல் அக்குளில் உறுத்தியதால் கையைத் தூக்கினேன் என்றார். இருவரும் நடுச்சாலையில் நின்று சிரித்தோம்.

போட்டி அன்று சேலத்தில் நல்ல குளிர். ஏற்காட்டு மலை கறுப்பாகத் தெரிந்தது. அண்ணன் முடிவுக் கோட்டுக்கு அருகில் இடம் பிடித்துக்கொண்டு போனைத் தயாராக வைத்திருந்தார். நங்கையா ஷூ நாடாவைக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டினார். "செரியா இருக்குதுங்களா?" என்றேன். "எல்லாம் செரியாத்தான் இருக்குது. வா" என்றார்.

முதல் பாதி ஒழுங்காகப் போனது. கூட்டம் கலைந்து சாலை விரிந்தபோது அவர் வேகம் சீராக இருந்தது, முழங்கை இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்கே மூச்சு லேசானது. அவர் ஜெயித்துவிட்டார், நாங்கள் இருவருமே தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். மேம்பாலத்து ஏற்றத்தில் ஏறும்போதுதான் அது விலகியது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. "நங்கையா, கை" என்றேன். "மேடு புள்ள, அப்படித்தான் இருக்கும்" என்றார் திரும்பாமலே. மறுகணம் முழங்கை உள்ளே வந்துவிட்டது.

பாலத்திலிருந்து இறங்கி நேர்ச்சாலைக்கு வந்தோம். முழங்கை வெளியே போகவில்லை. ஆனாலும் ஏதோ சரியில்லை. என்னவென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது. அது துளியும் அசையவில்லை. வலது கை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருக்க, இடது கையை விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தார். எனக்குக் காட்டக்கூடாது என்று மறைக்கிறார்!

"நில்லுங்க நங்கையா."

"வலிக்கில."

"கைய வீசி ஓடுங்க பாக்கலாம்."

"வலிக்கிலங்கறேன்ல! இன்னுங் கொஞ்சந்தான், கத்தாத."

உண்மைதான், இன்னும் கொஞ்சம்தான். முடிவுக் கோட்டில் அடிக்கிற பேண்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. எனக்கு மருத்துவர் வெளிச்சத்தில் பிடித்த அந்தப் படம் ஞாபகம் வந்தது, அண்ணன் சொன்ன பரணும் ஞாபகம் வந்தது. நிறுத்தினால் இருவருக்கும் ஓட்டம் போச்சு. நிறுத்தாவிட்டால் அவருக்குக் காலே போகலாம். இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி அவரைத் தாண்டி ஓடி, திரும்பி, கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். அவர் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தேன். பின்னால் வந்தவர்கள் எங்களை விலக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் கத்தினார்.

"கைய உடு."

"நீங்கதானுங்க சொன்னீங்க."

"இப்பச் சொல்றேன், உடு!"

நான் விடவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே மாட்டேன். பிறகு அவர் உடம்பு தளர்ந்தது. சாலை ஓரத்துக்கு நடந்துபோய்த் தடுப்புக் கல்லில் உட்கார்ந்தார். நெஞ்சில் குத்தியிருந்த போட்டி எண் தாளை ஊசி ஊசியாகக் கழற்றி நான்காக மடித்தார். அண்ணன் வியர்த்துப்போய் வந்து சேரும்வரை அதை விரிப்பதும் மடிப்பதுமாகவே இருந்தார்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை. தசை கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கிறது, சில வாரம் ஓய்வு போதும் என்றார் மருத்துவர். நிம்மதிப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அதுவே எனக்கு எதிராகத் திரும்பியது. குழுவில் ஒருவர், "ஒண்ணுமில்லாததுக்கு அவங்க போட்டியக் கெடுத்துட்டீங்களே" என்றார். வேறு யாரோ, நாத்தனார் முன்னால் முடித்துவிடுவார் என்ற பொறாமை என்று பேசிக்கொண்டதும் காதுக்கு வந்தது. மாமியாரே, "வலிக்கிலன்னு அவதான் சொன்னாளாமே, நீ எதுக்குப் புடிச்சு நிறுத்துன?" என்று கேட்டார். நங்கையா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. அண்ணன் சொன்னபடி ஷூக்கள் பரணுக்குப் போயின. என்னுடையதும்தான். எனக்கு அதைவிட வலித்தது அவருடைய மௌனம்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலிலேயே நின்று, கிரைண்டர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

"அன்னிக்கு வலிச்சுது."

நான் கிரைண்டரை அணைத்தேன். "தெரியுமுங்க."

"உனக்குப் பாலத்து மேலதான் தெரிஞ்சுது. எனக்கு ஷூ நாடா கட்டும்போதே வலிச்சுது. அதுக்கு முந்தின வாரமே லேசா இருந்துச்சு." கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னதும் எனக்கு என்னமோ பொய்யே நெசமானாப்பல இருந்துச்சு. உன்ன எல்லாரும் பேசுனப்ப பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"ஏனுங்க சொல்லல?" என்று கேட்டேன். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வலிக்குதுன்னு சொன்னா ஓட வேண்டாம்பாங்க. எங்க ஊட்டுல, பள்ளிக்கூடத்துல, எங்கயும் அவ்வளவுதான். வலிக்குது, ஆனா எனக்கு ஓடணும்னு சொன்னா யாருக்குப் புரியும்? அதான் வலியவே இல்லன்னு ஆக்கிட்டேன்." "காலைல எங்க ஊட்டுல சொல்லிட்டேன். இப்ப வாசல்ல அம்மாகிட்டயும் சொல்லிட்டுத்தான் உள்ள வாரேன். குழுவுலயும் போட்டுட்டேன்."

போனை எடுத்துப் பார்த்தேன். குழுவில் எல்லோருக்குமாக எழுதியிருந்தார். வலியை மறைத்தது தான்தான் என்றும், நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டதும் தான்தான் என்றும் மிச்சம் வைக்காமல் எழுதியிருந்தார். அண்ணன் அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் பரணிலிருந்து ஷூவை இறக்கிக் கொடுத்து, "எங்கிட்டச் சொல்றதா இருந்தா ஓடு" என்றாராம். அதோடு என் ஷூவும் பரணிலிருந்து இறங்கியது. மாமியார் மட்டும் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் நான் கதவைத் திறந்தால், "சாமி, பாத்துப் போ" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

இப்போது நங்கையா வேகம் குறைத்துத்தான் ஓடுகிறார். ஆனால் வழியெல்லாம் அறிவிப்பு: "வலது முட்டி, சும்மா." "குதிகால், புது ஷூ." "வயித்துல ராத்திரிச் சாப்பாடு." குழுவில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். வகுப்பில் தலைவலி என்று எழும் பிள்ளையை இப்போது முதலில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்கிறாராம். நான் அவருக்குப் பின்னால் ஓடுவதை விட்டு அவர் பக்கத்தில் ஓடத் தொடங்கிப் பல மாதமாகிறது.

போன வாரம் ஒரு நாள், வேகம் நன்றாகப் பிடித்துவந்த நேரத்தில், அவராகவே நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு அந்த எடமே வலிக்குது புள்ள. இதோட போதும். நீ உன் தூரத்த முடிச்சுட்டு வா" என்றார். நான் தயங்கினேன். "போங்கறேன்ல, நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டிக்கறேன்" என்று விரட்டினார். சிறிது தூரம் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சாலையோர டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கடைக்காரரிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.