ரேக்கில் ஏறாத பெட்டிகள்

ஊரில் உள்ள நெட்வொர்க் பெட்டிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி பெயர் வைத்து, எது எங்கே இருக்கிறது என்று ஒரே மாதிரி பதிந்து வைப்பதற்கும் சம்பளம் தருகிறார்கள் என்பது, பெங்களூரில் அந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் காலேஜுக்குப் போனதும் வீட்டில் சும்மா உட்கார முடியாமல், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நுழைந்தேன். 2000-க்குப் பிந்தைய சாஃப்ட்வேர் காலம், யாரையும் எடுத்துக்கொண்டார்கள். கான்வென்ட் இங்கிலீஷ் இருந்ததால், என்ஜினீயர்கள் உளறுவதை மனிதர்கள் படிக்கும்படி எழுதுவது என் பொறுப்பு. எல்லாக் கம்பெனிப் பெட்டிகளுக்கும் பொருந்துகிற பொது டேட்டா மாடல் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். ஒரு டெலிபோன் கம்பெனி அதைப் பார்த்துச் சரி என்றால் எங்கள் குழு நிலைக்கும். வேண்டாம் என்றால் கலைந்துவிடும். நானும் பழையபடி குக்கர் விசிலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். மீட்டிங்கில் ஆயுளைத் தொலைத்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

கார்டா, போர்டா?

பெட்டிக்குள் செருகும் சமாசாரத்தை ஒரு கம்பெனி கார்டு என்றது, இன்னொன்று மாட்யூல் என்றது, மற்றொன்று போர்டு என்றது. எங்கள் மேனேஜர் முரளி சேலத்துப் பிள்ளை, தங்கமானவர். முடிவெடுக்கச் சொன்னால் மட்டும் ஜுரம் வந்துவிடும். காலை முழுக்க விவாதம். நடுவில், உள்ளே சுற்றும் ஃபேன் தனிப் பொருளா, பெட்டியின் அங்கமா என்று வேறு கிளம்பினார்கள்.

"கார்டுன்னு வச்சுத் தொலைங்க, காபி ஆறுது" என்றேன். எல்லாரும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்கள். சீனியர் என்ஜினீயர் நாகராஜ், கன்னடக்காரர், என் பக்கம் சாய்ந்து கவலையோடு சொன்னார்: "மேடம், நீங்க இப்டி பட்டுனு முடிச்சிட்டா, மத்தியான மீட்டிங்ல நாங்க என்ன பேசறது?"

கண்ணாடிக்கு விலாசம்

எங்கள் மாடலில் எதுவும் அந்தரத்தில் நிற்கக் கூடாது. ஒயர் செருகும் போர்ட் கார்டில் இருக்க வேண்டும், கார்டு பெட்டியில், பெட்டி ரேக் என்கிற இரும்பு அடுக்கில், ரேக் அறையில். இந்த வியாதி வீட்டுக்கும் தொற்றியது. மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்ட கணவரிடம், "படுக்கையறை, பீரோ, இரண்டாம் தட்டு, இடது மூலை" என்று ஒப்பித்தேன். அவர் தடவிக்கொண்டே பீரோவரை போய்த் திரும்பிப் பார்த்தார்: "விலாசம் எல்லாம் சரிம்மா, எடுத்துக் குடுத்தா உன் மாடல் கெட்டுப் போயிடுமா?"

ஆனேக்கல் நாற்காலி

டெலிபோன் கம்பெனிக்குக் காட்ட வேண்டிய டெமோவுக்காக அவர்களுடைய எக்ஸ்சேஞ்சுகளைச் சுற்றிப் பார்த்துப் பதிந்தோம். பெங்களூரைத் தாண்டி ஆனேக்கலில் ஒரு பெட்டி சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்னோர் ஊரில் ஜன்னல் விளிம்பில். ரேக் பெயர் கொடுக்காமல் எங்கள் புரோகிராம் எதையும் ஏற்காது. உடனே முரளி, ஒவ்வோர் ஊருக்கும் ரேக் 99 என்று ஒன்றைக் கற்பனையாக உண்டாக்கி, அநாதைப் பெட்டிகளை எல்லாம் அதில் ஏற்றச் சொன்னார்.

"இல்லாத ரேக்கை யாராவது தேடிட்டு வந்தா என்ன சார் பண்றது?" என்றேன்.

சாஃப்ட்வேர் வேலை பார்த்த எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் பதில்தான் வந்தது: "டெமோ முடியட்டும் மேடம், அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

ரேக் 99-ஐக் காட்டுங்கள்

டெலிபோன் கம்பெனியில் சரி சொல்ல வேண்டிய அதிகாரி பிரபாவதி மேடம், அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். டெமோவில் திரையைப் பார்த்தவர் புருவம் உயர்ந்தது. கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "ஏன்ரீ, ஊருக்கு ஊர் ரேக் தொண்ணூத்தொம்பது இருக்கு? நாங்க அவ்ளோ ரேக் வாங்கவே இல்லையே! வாங்க, ஒண்ணைப் பாத்துட்டு வரலாம்."

ஆனேக்கல் போகிற வழியில், சந்தாபுரா டிராஃபிக்கில் கார் ஊர்ந்தது. முன் சீட்டில் முரளி ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தார் போல. நாகராஜ் கண்ணை மூடித் தூங்குவதாக நடித்தார். ஆனேக்கலில் மேடம் நாற்காலிக்கு எதிரே நின்று, "ரேக் எங்கப்பா?" என்றார். இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரேக் கிடையாது மேடம். ரேக்ல இல்லாத பெட்டி உலகத்துலயே இல்லைன்னு நாங்க தீர்மானம் பண்ணிட்டோம். தப்பு எங்க மாடல்லதான்."

முரளி என்னைப் பார்த்த பார்வையில் குக்கர் விசில் கேட்டது. மேடம் தன் கம்பெனிப் பட்டியலைப் பையிலிருந்து எடுத்து, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால். "எங்க லிஸ்ட்ல இந்தப் பெட்டியே இல்லம்மா, உங்க பொய்லயாவது இருக்கு! நாற்காலிக்கும் மாடல்ல ஒரு இடம் குடுங்க, சரின்னு கையெழுத்துப் போடறேன்."

தரப்படுத்துவது என்றால், உலகம் நாம் சொன்ன இடத்தில் உட்காராது என்பதைப் பல மாதம் எதிர்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அதையே நல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பது.