அறுபதும் நூற்றிருபதும்

பட்டறையில் அவளுக்கு ‘டிகிரி’ என்று பெயர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், கணிதப் பட்டதாரி. வேலையை வாங்கித் தந்தவர் தாய்மாமா. இருபத்திரண்டு வருடமாக அங்கே பெண்டிங் மெஷினில் இரும்புப் பட்டை மடிப்பவர்.

அவளுடைய அறை மூன்று பக்கம் பலகைத் தடுப்பு, ஒரு பக்கம் சுவர். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினால் சுவர் இடிக்கும். வரைபடம் அவளிடம் வரும். கோணத்தைக் கணக்கிட்டுச் சீட்டில் எழுதி அனுப்புவாள். எண்ணெய்க் கைபட்டு வீணாகும் என்று வரைபடத்தை மெஷின் பக்கம் விடுவதில்லை. சீட்டு மட்டும்தான் போகும்.

அன்று தரையில் பொருத்தும் தாங்கி, நாற்பது எண்ணம். ஒரே பட்டையில் ஒரு பகுதி தரையில் படியும், மற்றது சாய்ந்த கையாக எழும்பும். கையின் நீளம் முந்நூறு மில்லிமீட்டர், அதன் நுனியின் உயரம் இருநூற்று அறுபது. உயரத்தை நீளத்தால் வகுத்தாள், கால்குலேட்டரில் சைன் இன்வர்ஸ் அழுத்தினாள். அறுபது டிகிரி. எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் சூப்பர்வைசர் ஒரு தாங்கியைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்கு வந்தார்.

“என்னய்யா இது? வெளிய சாயச் சொன்னா உள்ள குனிஞ்சு கும்பிடு போடுது! வரைபடப்படி நூத்தி இருபது இல்ல வரணும்?”

மெஷின் நின்றது. தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தவளுக்கு உடனே புரிந்தது. உள்ளே சாய்ந்தாலும் வெளியே சாய்ந்தாலும் நுனியின் உயரம் ஒன்றுதான். அறுபதுக்கும் நூற்றிருபதுக்கும் சைன் ஒன்றுதான். ஒரு கேள்விக்கு ஒரே பதில் வேண்டும் என்பதற்காக, சைன் இன்வர்ஸைத் தொண்ணூறு டிகிரிக்கு அப்பால் போகவிடாமல் அடைத்துவைத்திருக்கிறார்கள். இதைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான் அவள். எண்களைப் பார்த்தவள் படத்தைப் பார்க்கவில்லை.

“சீட்டு எங்க?” என்றார் சூப்பர்வைசர்.

மாமாவின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. “எங்கேயோ விழுந்துருச்சு சார். பாப்பா நூத்தி இருபதுன்னுதான் எழுதியிருந்துச்சு. நான்தான் வேற வேலை ஞாபகத்துல அறுபது வச்சு மடிச்சுட்டேன்.”

“வயசாயிருச்சுன்னா வாயால சொல்லுய்யா, இரும்பால சொல்லாத! நாளையிலேர்ந்து நீ லோடிங்ல நில்லு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

அவள் நாற்காலியில் விழுந்தாள். சுவர் இடித்தது. உண்மையைச் சொன்னால் மாமா பொய்யர் ஆவார். சொல்லாவிட்டால் மெஷின் அவரை விட்டுப் போகும். படித்தது எதற்கு, மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவா?

எழுந்து போய்ச் சொன்னாள். “சார், அறுபதுன்னு எழுதினது நான். தப்பு என்னோடது.”

சூப்பர்வைசர் அவளையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்ல குடும்பம்! ஒருத்தர் தப்பா எழுதுறது, இன்னொருத்தர் அதை மறைக்கிறது. டிகிரி, நீ போய் உக்காரு. உன் கணக்கைப் போட இங்க வேற ஆள் இல்ல. ஆனா என்கிட்டயே பொய் சொல்ற ஆளு மெஷின்ல வேண்டாம்.”

வாசலில் மாமா அவளை மடக்கினார். “உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னா?”

“நீங்க ஏன் மாமா பொய் சொன்னீங்க?”

“உன் வேலை போயிருந்தா உன் அம்மாகிட்ட நான் என்ன பதில் சொல்றது?” பையிலிருந்த சீட்டை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டு நடந்தார். “அறுபதுன்னு பார்த்தப்பவே லேசா இடிச்சுச்சு. படிச்ச புள்ள எழுதினதைப் போய்க் கேக்குறதான்னு விட்டுட்டேன்.”

மறுநாள் மெஷினில் புது ஆள். அவள் ஒரு பின்னத்துக்குச் சைன் இன்வர்ஸ் அழுத்தினாள், முப்பது என்றது. வரைபடத்தைப் பார்த்தாள். கை வெளியேதான் சாய்ந்திருந்தது. நூற்றைம்பது என்று எழுதி, பக்கத்தில் கை சாயும் பக்கத்தையும் கோடு போட்டுக் காட்டினாள். சீட்டோடு எழுந்தபோது, லாரிப் பக்கம் மாமா தாங்கிகளைச் சுமந்துகொண்டு போனார். அவள் அறையைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.