டிசம்பர் பூவும் பட்டாசுச் செடியும்

என் அத்தையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக நான் இல்லை. அப்பாவின் தங்கை அவள். எனக்கு ஒன்பது வயது நடந்தபோது எங்களோடு சுரக்குடியில்தான் இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போவார்கள். அப்புறம் ஒரு தகவலும் வராது. அன்றைக்கு அப்பா யாரோடும் பேசமாட்டார். அம்மா பாத்திரங்களை நங்கென்று வைப்பாள். வீட்டில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் நான்தான். அத்தை போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னிவிடுவது?

எங்கள் வேலியோரம் அம்மா டிசம்பர் பூச்செடி வைத்திருந்தாள். அதற்கு நடுவிலேயே, யாரும் வைக்காமல், பட்டாசுச் செடியும் தானாக முளைத்துக் கிடந்தது. அதுவும் ஊதாப் பூதான். காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் பட்டென்று வெடிக்கும் என்பதால் பிள்ளைகள் நாங்கள் அப்படிச் சொல்வோம். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். டிசம்பர் பூவின் அடியில் இருக்கும் பச்சை மடல் ஓரமெல்லாம் முள்ளாக விரலை உறுத்தும். பூ சாயங்காலம் வரை தலையில் நிற்கும். பட்டாசுச் செடியின் பூவோ தொட்டாலே கையோடு வந்துவிடும். வெயில் ஏறினால் துவண்டு போகும்.

அதை வைத்து எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. அத்தையின் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு அவள் உள்ளங்கையில் ஒரு பூவை வைப்பேன். அவள் விரலால் தடவி, பட்டாசுப் பூ என்றால் "காடு" என்பாள், டிசம்பர் பூ என்றால் "வீடு" என்பாள். ஒருநாளும் தப்பியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தானும் வரட்டுமா என்று கெஞ்சினாள். நான் சேர்க்கவில்லை.

அந்த மார்கழியில் வயலில் புகையான் பூச்சி விழுந்தது. பார்ப்பதற்கு வேளாண் துறைக்காரர் ஒருவர் கோவில்பத்திலிருந்து பைக்கில் வந்தார். அப்பா அவரை 'சார்' என்றார். ஆகவே எங்களுக்கும் அவர் சார். வயலைச் சுற்றிவிட்டுச் சேற்றுக் காலோடு வீட்டுக்கு வந்தவருக்கு அத்தை கால் கழுவ வேலிக்குப் பக்கத்தில் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் உள்ளே போகவேண்டியதுதானே? வேலிப் பக்கம் திரும்பி நின்றாள்.

"சார், இதுல எது வீட்டுச் செடி, எது காட்டுச் செடின்னு எனக்குப் புரியவே மாட்டேங்குதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஈரக் காலோடு வேலியருகே போய் இரண்டு பூவையும் பறித்து விளக்க ஆரம்பித்தார். மடலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எத்தனையோ முறை தொட்ட அதே முள்ளை அத்தை இப்போதுதான் பார்ப்பவள் போலத் தொட்டு, "அப்படீங்களா!" என்றாள். எங்கள் இருவருக்கு மட்டுமான ஒன்றை அவள் அந்த ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொய்! அத்தைக்கு எல்லாம் தெரியும். கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்லுவாங்க!" என்று கத்தினேன். கத்தியதோடு விடாமல், பாவாடையில் முடிந்து வைத்திருந்த பட்டாசுக் காய்களை மொத்தமாக வாளியில் கொட்டினேன். அவை படபடவென்று வெடித்து அவர் சட்டையெல்லாம் தண்ணீர் தெறித்தது.

"உள்ள போடீ" என்றாள் அத்தை. அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை.

அவர் சட்டையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அத்தையைப் பார்த்து, "தெரியுமாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தை தரையைப் பார்த்தபடி, "கொஞ்சம்" என்றாள்.

அவர் போனபின் அத்தை என்னோடு பேசவில்லை. தலையை மட்டும் பின்னிவிட்டாள். வலிக்கிற மாதிரி இழுத்துப் பின்னினாள். எனக்கு அது பரவாயில்லை. அத்தை பொய் சொல்கிறவள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி அந்த சார் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்று நிம்மதியாக இருந்தேன்.

மறுவாரமே பைக் சத்தம் கேட்டது. புகையான் அடங்கியிருந்தது. அப்பாவும் வீட்டில் இல்லை. அவர் கையில் வேரோடு பிடுங்கிய ஒரு கோரை.

"இது என்ன புல்லுங்க? எனக்குத் தெரியலை" என்று அத்தையிடம் கேட்டார்.

எங்கள் ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் கோரை தெரியும். அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கோரைங்க. தண்டை உருட்டிப் பாருங்க, மூணு பட்டையா இருக்கும்" என்றாள்.

அவர் இரண்டு விரலால் பொறுமையாக உருட்டிப் பார்த்து, "அப்படீங்களா!" என்றார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, அந்த சாருக்குக் கோரையே தெரியலை! அவருக்குப் போயி யாரும்மா வேலை குடுத்தாங்க?"

அம்மா ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு அவசரமாகக் காபிக்குப் பாலை ஏற்றி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த டம்ளரைக் கழுவத் தொடங்கினாள். அவளிடம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. அப்பா வந்ததும் பேசிக்கொள்ளலாம், கோரையாவது தெரிந்த வேறொரு சாரை அனுப்பச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.