சிங்க்கில் போன பச்சை பாட்டில்

முப்பத்தோரு வருஷம் ஒரு மிஷன் பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்தவள் நான். எங்கள் சபையில் எல்லோரையும் போல, மது வாடை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற வளர்ப்பு. அப்படிப்பட்டவள் போன மாதம் மதுரை கோச்சடையில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று இரண்டு கிளாஸ் வோட்கா கலந்தேன். வேறு வழியில்லை. நான் கெடுத்ததை நானே சரிசெய்ய வேண்டியிருந்தது.

கெடுத்தது போன வருஷம். மகளும் மாப்பிள்ளையும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனதற்காக வெளிநாடு போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால், கதவுத் தட்டில் பாலுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை பாட்டில். மூலிகை போட்டுச் செய்த மது என்று லேபிள் சொன்னது. இலையும் பூவுமாகப் படம் வேறு. எனக்கு வந்த கோபத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கப் பார்க்க முழு பாட்டிலையும் சிங்க்கில் கவிழ்த்தேன். சோம்பும் கற்பூரவல்லியும் சேர்த்துக் காய்ச்சிய மாதிரி ஒரு வாடை. அது அடுப்படியை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது. மகள் அதுவரைகூட இருக்கவில்லை. அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் சண்டையே போடவில்லை. அதற்குப் பிறகு மதுரைக்கு வந்தால் ஹோட்டலில் ரூம். எங்களோடு ஒரு வேளைச் சாப்பாடு, "வாரோம்மா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பெட்டி காரின் டிக்கியை விட்டு இறங்குவதே இல்லை. ஆள் படுக்காத அவள் கட்டிலுக்கு நான் மட்டும் மாதாமாதம் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பேரையூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து தலையைக் காட்டிவிட்டு ஹோட்டலுக்குப் போவதாகச் சொன்னாள். இந்தத் தடவை எப்படியாவது அவளை வீட்டில் தங்கவைத்துவிட வேண்டும் என்று எனக்கு. ஆனால் கெஞ்சிப் பழக்கமில்லை. செய்து காட்டத்தான் தெரியும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற அண்ணன் மகன் அந்த வாரம் ஊருக்கு வருவதாக இருந்தான். அதே பாட்டிலின் படத்தைத் தேடிப் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். "அத்தை, ஆள் மாறி அனுப்பிட்டீகளா?" என்று பதில் வந்தது. ஆனாலும் மறக்காமல் வாங்கி வந்து கொடுத்தான். வோட்கா வாங்கும் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. சபை ஆட்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று நாலு ஏரியா தள்ளிப் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாங்கி வந்தார்.

"கடைக்காரன் என்னயப் பாத்துப் பயந்துட்டான், டீச்சர்," என்றார். கிண்டல் பண்ணும்போது அவருக்கு நான் டீச்சர்.

செய்முறை செல்போனில் கிடைத்தது. ஒரு கிளாசுக்கு வோட்கா நாற்பத்தைந்து மில்லி, பச்சை பாட்டிலிலிருந்து இருபது, எலுமிச்சைச் சாறு இருபது, சர்க்கரைப் பாகு பதினைந்து. இதில் எனக்கு என்ன பயம்? குனிந்து, கண்ணை அளவுக் கோட்டுக்கு நேராக வைத்து, ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல் இரண்டு கிளாசுக்கும் அளந்தேன். குலுக்குவதற்கென்று தனிப் பாத்திரம் எங்களிடம் ஏது? எல்லாவற்றையும் ஐஸ் கட்டியோடு தூக்குச்சட்டியில் ஊற்றி மூடி, துண்டைச் சுற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"எம்புட்டு நேரம் ஆட்டணும்?"

"கை ஜில்லுன்னு ஆகுற வரைக்கும்."

அவர் ஆட்டிய வேகத்தில் அடுப்படித் தரையெல்லாம் ஈரம்.

வடிகட்டும்போதுதான் மேடையில் உப்பு டப்பா திறந்து கிடந்ததைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எலுமிச்சை பிழிந்தால் சர்க்கரையோடு ஒரு சிட்டிகை உப்பும் விழும். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை அதுபாட்டுக்குப் போட்டிருக்கிறது. ஒரு சிட்டிகையா, இரண்டா என்றுகூட நினைவில்லை. ருசி பார்க்கலாம் என்றால் அது என்னால் ஆகாது. கொட்டிவிட்டு மறுபடி கலக்கலாம் என்று சிங்க் பக்கம் போனேன். கை வரவில்லை. அதே சிங்க்கில் ஒரு தடவை கொட்டி நான் பட்டது போதும். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

அவர்கள் உட்கார்ந்ததும் தட்டில் இரண்டு கிளாசையும், பக்கத்திலேயே பச்சை பாட்டிலையும் கொண்டுபோய் வைத்தேன். மகள் பாட்டிலைப் பார்த்தாள். ஈரத் துண்டோடு நின்று சிரித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை. மாப்பிள்ளைதான், பாவம், முதலில் எடுத்துக் குடித்தார்.

"பிரமாதமா இருக்கு அத்தை."

அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. மகளும் ஒரு வாய் குடித்தாள்.

"அம்மா, இதுல உப்புப் போட்டியா?"

"கைப் பழக்கம்டி. போட்டதே தெரியல."

"நீ ருசி பாக்கலையா?"

"பரிசோதனை பண்றத நாக்குல வைக்கக் கூடாதுல்ல."

பத்தாம் வகுப்பில் என்னிடமே படித்தவள் அவள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். ஒரு வருஷமாக அந்தச் சிரிப்பு இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருந்தேன் என்று எனக்கு அழுகை முட்டியது. அதே சூட்டில் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் கொட்டுனது தப்புடி. ஒன்னயக் கேட்டிருக்கணும். மாப்பிள்ளை முன்னாடி அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

அவள் கடைசிச் சொட்டு வரை மெதுவாகக் குடித்தாள். மாப்பிள்ளையின் கிளாசும் காலியானது. பிறகு கைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"டிக்கியில பெட்டி இருக்குப்பா, எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் குடிச்சிட்டோம். இனி வண்டிய யாரு ஓட்டுறது?"

வீட்டுக்காரருக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். இரண்டு கிளாசாகக் கலந்தபோது எனக்கும் அந்தக் கணக்கு இருந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுந்துபோய்ப் பச்சை பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தேன், கதவுத் தட்டில், பாலுக்குப் பக்கத்தில்.